பித்தளை போல்ட்

பீப்பாயில் அழகன் ஊற்றி வைத்தது ஓடைத் தண்ணீர். எஞ்சினுக்குள் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு புகைக்குழாய் வழியாக வெளியே வருவதும் அதே தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முகத்தில் தெறித்ததைப் புறங்கையால் துடைத்தபோது உதட்டில் பட்டுக் கரித்தது. கஞ்சியில் கல்லுப்பு கூடிப்போன மாதிரி ஒரே கரிப்பு.

"அட, இது என்ன கூத்து?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் மணி நாலுதான். ஆனாலும் ஹட்டனுக்கு மேலே, ஸ்டோர் என்று எல்லோரும் சொல்லும் அந்த மூடிக்கிடந்த தேயிலை ஆலைக்குள் பனிமூட்டம் உடைந்த கண்ணாடி வழியே இறங்கி, கொழுந்து உருட்டும் துருப்பிடித்த ரோலர்களைத் தடவி, சுவரில் ஊறிப்போன பழைய தேயிலைத் தூளின் வாசத்தையும் டீசல் புகையையும் ஒன்றாகப் பிசைந்து அவன் மூச்சுக்குள் திணித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் தடக் தடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

இருபது வருஷம் இந்த ஸ்டோரின் எஞ்சின்களைப் பார்த்தவன் அவன். டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் சண்முகராஜா முதலாளிதான் இந்த வேலையைக் கொடுத்தார். கரண்ட் போனால் ஓட்டுகிற பழைய டீசல் எஞ்சினைப் பாய்மரப் படகுக்கு ஏற்றதாக மாற்ற வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, கடல் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்விக்கும் பம்பைப் பூட்ட வேண்டும். கடலை ஒரே ஒரு தடவை பார்த்த அழகனும் படித்து, கேட்டு, செய்து முடித்தான். முதல் எஞ்சினோடு அதை ஓட்டத் தம்பி கிஷாந்தையும் அனுப்பி வைத்தான்.

"வெள்ளைக்காரங்க சுத்திப் பாக்குற போட்டுப்பா. ஒன் தம்பி எனக்கும் தம்பிதான்" என்று மாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர் முதலாளி.

மூன்று மாசமாகத் தம்பியின் குரல் அவன் காதில் விழவில்லை. படகிலிருந்து முதலாளியின் கடைக்கு மட்டும்தான் பேச முடியுமாம்.

இது இரண்டாவது எஞ்சின். இதற்கும் பம்பைப் பூட்டி, பீப்பாய்த் தண்ணீரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டன் பிரிட்ஜ் ஊருக்குப் பக்கத்து ஸ்டோரில் கிடந்தது என்று சொல்லித்தான் முதலாளி இறக்கினார். மலையை விட்டு இறங்காத எஞ்சினுக்குள் உப்பு எங்கேயிருந்து வரும்?

எஞ்சின் ஓட ஓடவே, அதன்மேல் அடித்திருந்த பச்சைப் பெயின்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். உள்ளே நீலம் தெரிந்தது. அவன் கையால் அடித்த நீலம். பின்பக்கத்து மூடியில் எட்டு போல்ட். ஒவ்வொன்றாகச் சுரண்டினான். ஏழும் இரும்பு. எட்டாவது மஞ்சளாகப் பளிச்சிட்டது.

பித்தளை. முதல் எஞ்சினைப் பூட்டும்போது கிஷாந்த் அவசரப்பட்டு அந்த போல்ட்டை முறித்துவிட்டான். "எருமை மாட்டுக்கு இருக்கிற பொறுமைகூட ஒனக்கு இல்லையேடா" என்று திட்டிக்கொண்டே, ரோலரில் கழற்றிய பித்தளையைக் கடைந்து ஏற்றியவன் அழகன்தான். வேறு எந்த எஞ்சினிலும் அது இருக்காது.

வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தான்.

"மொதலாளி, கிஷாந்த் பேசினானுங்களா?"

"காலையிலகூடப் பேசினான்ப்பா. ஒன் எஞ்சின் தங்கமா ஓடுதாம்."

"நான் செஞ்ச எஞ்சினா?"

"வேற எது? ஏன்ப்பா கேக்குற?"

அழகன் திரும்பிப் பார்த்தான். அது பத்தடி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒன்னும் இல்லைங்க" என்று போனை வைத்தான்.

அம்மா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்த மனுஷன்! கூட இருந்தே குழி பறித்துவிட்டான் பாவி. படகு முங்கிப்போயிருக்கிறது; கடலடியில் கிடந்த எஞ்சினைத் தேட ஆள் விட்டிருக்கிறான். தூக்கி, பம்பைக் கழற்றி, கழுவி, பச்சை அடித்து, அண்ணன்காரனிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறான். தம்பியைத் தேட ஆள் விடவில்லை. அவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

பிறகு உள்ளே வந்து நிறுத்துகிற லீவரை இழுத்தான். எஞ்சின் நிற்கவில்லை.

டீசலை அடைத்தான். நிற்கவில்லை.

பீப்பாயிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் ஹோஸ் குழாயைப் பிடுங்கி எறிந்தான். அது வெறும் காற்றை உறிஞ்சியது. ஆனாலும் புகைக்குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கரிக்கிற தண்ணீர். கணுக்கால்வரை. சில்லென்று. காலடியில் மணல். பிறகு ஒரு நாற்றம், தேயிலையும் டீசலும் மூடி மறைக்க முடியாத நாற்றம்.

எஞ்சின் தானாக நின்றது.

குழாய்க்குள் யாரோ தண்ணீரைக் கக்கி இருமினார்கள்.

"அண்ணே."

"கிஷாந்தா? டேய்… கிஷாந்தா?"

மண்டியிட்டான். கையை நீட்டினான். மூன்று அங்குலக் குழாய். உள்ளிருந்து விரல்கள் வந்தன. ஊறி வெளுத்த விரல்கள். நகம் இல்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

"விட்றாதீங்கண்ணே. வெள்ளைக்காரன் யாரும் இல்ல. எல்லாம் வெளிநாடு போக மொதலாளிகிட்ட காசு கட்டுன நம்ம தோட்டத்து லயத்து ஆளுங்க. எனக்குப் பின்னால பதினேழு பேரு."

அழகன் தம்பியின் கையை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. அந்தக் கைக்கு மேலேயே வளையல் போட்ட இன்னொரு கை நெருக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் முழங்கையைப் பற்றியபடி, ஒரு குழந்தையின் கை.