சுகப்பிரசவம்

அறைக்குள் ரத்தவாடை அடித்தது.

மதிய வெயில் திரைச்சீலை வழியாகக் கசிந்து மேசைமேல் மஞ்சளாகக் கிடக்க, மின்விசிறி ஒரே தாளத்தில் முனகிக்கொண்டிருக்க, இரும்பை நாக்கில் வைத்ததுபோன்ற அந்த வாடை கணினிப் பக்கமிருந்து மெல்ல எழுந்து வந்தது. அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். பிறகு, பயந்துகொண்டே, தன் உடையைப் பார்த்துக்கொண்டாள். கறை எதுவும் இல்லை.

“அக்கா, உனக்கு ஏதாவது நாத்தம் வருதா?”

தங்கையின் பிரசவத்துக்காக வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்த அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நேத்து சோப்பு நாறுதுன்ன. முந்தாநாள் உன் புருஷன் நாறுறார்ன. அது ஒண்ணுதான் நிஜம்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் வீட்டிலிருந்தபடியே பார்ப்பது மெடிக்கல் கோடிங் வேலை. மருத்துவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எழுத்தையும் எண்ணையும் தேடிப் பதியவேண்டும். ஒருத்தி கத்திக் கதறியதெல்லாம் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். அவர்கள் அலுவலகத்தில் யாரும் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவ ஃபைல் கொடுக்கமாட்டார்கள். எலும்பு முறிவு, கண்புரை என்று மாற்றிவிடுவார்கள். ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

ஆனால் இன்று காலை டீம் லீடர் போனில் கெஞ்சினார். ஆள் இல்லையாம். “உனக்கென்னம்மா, நீ தைரியசாலி.” போன முறை குழந்தை கலைந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே வேலைக்கு வந்து உட்கார்ந்தாளே, அதைத்தான் தைரியம் என்றார். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும். பிறந்தபின் அதைக் கீழே இறக்காமல் வைத்துக்கொள்ள நீண்ட விடுப்பு வேண்டும். அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. சரி என்றாள்.

முதல் ஃபைல். வலி கண்ட பிறகு கருப்பை கிழிந்திருக்கிறது. ரத்தம் நிற்கவில்லை. குழந்தையும் போய், தாயும் போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் குறியீடு இருந்தது. வரிசையாகப் போட்டு அனுப்பினாள். அடுத்தவளுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை, இருவரும் நலம். நேரம் மிச்சம் பிடிக்க, முந்தைய ஃபைலின் வரிசையை அப்படியே ஒட்டிவிட்டு, வேண்டாததை மாற்றிக்கொள்வது அவள் பழக்கம். ஒட்டினாள். அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் ஓங்கி ஓர் உதை. மேசையைப் பிடித்தாள். விரல் அனுப்பும் பொத்தானில் பதிந்துவிட்டது.

போய்விட்டது. எதையும் மாற்றாமலே.

வாடை அப்போது ஆரம்பித்ததுதான்.

லீடரைக் கூப்பிட்டாள். “சும்மா அழிக்க சிஸ்டம் விடாது, தெரியும்ல?” என்றார் அவர். “தப்பான பேஷண்ட்டுன்னு போட்டு, சரியான பேஷண்ட்டுக்குத் தள்ளணும்.”

“சரியான பேஷண்ட்டுக்கு ஏற்கெனவே போட்டுட்டேனே சார்.”

“அப்ப ஆடிட்ல பாத்துக்கலாம் விடும்மா. நீ போட்டதால அந்தப் பொண்ணு செத்தா போயிடப் போறா?” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

சத்தம் அதன்பிறகு கேட்டது. கீழே, மாடிப்படி தொடங்கும் இடத்தில், கெட்டித் துணி ஒன்றை யாரோ அவசரமே இல்லாமல் இழை இழையாகக் கிழிப்பதுபோல. நின்றது. மறுபடி கிழிந்தது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. குழாயைத் திருகி அடைத்த மாதிரி அழுகை பட்டென்று நின்றது. ஈரக் காலடிகள் படியேறின. ஒவ்வொரு படியிலும் ஏதோ சொட்டியது.

கதவு தட்டப்பட்டது.

“அக்கா, திறக்காத!”

அக்கா அதற்குள் திறந்துவிட்டாள். “யாரும்மா நீ? ஐயோ... ஐயய்யோ, உள்ள வா, உக்காரு...”

மோதல். சுவர் அதிர்ந்தது. இன்னொரு மோதல்.

அவள் அறைவாசலுக்கு வந்தபோது, ஒருத்தி அக்காவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைச் சுவரோடு சேர்த்து அறைந்துகொண்டிருந்தாள். தரையில் பற்கள். அக்கா சரிந்தாள். வந்தவள் ஆஸ்பத்திரி அங்கியில் இருந்தாள். தொப்புளுக்குக் கீழே அங்கியும் சதையும் ஒன்றாகப் பிளந்து தொங்கின. இடுப்பில் ஒரு துணிமூட்டை. அதிலிருந்து நீலம் பாரித்த சின்னக் கால் ஒன்று வெளியே நீட்டியிருந்தது.

“எனக்கு சுகப்பிரசவம்,” என்றாள். குரலில் கோபமே இல்லை. “வீட்டுக்கு வந்துட்டோம். பால் குடிச்சிட்டிருந்தான். வாய்ல பாலோடயே போயிட்டான்.”

அவள் அறைக்குள் பின்வாங்கினாள்.

“மாத்து.”

“அழிக்க முடியாதும்மா... வேற ஆளுக்குத்தான் தள்ள...”

“தெரியும்.”

வந்தவள் அவள் முடியைப் பிடித்து இழுத்து நாற்காலியில் அழுத்தினாள். திரையில் அந்த ஃபைல் தப்பான பேஷண்ட் என்று திறந்திருந்தது; கீழே காலிக் கட்டம். யாருக்கு என்று கேட்டபடி சிமிட்டிக்கொண்டிருந்தது.

“வாயும் வயிறுமா இந்த வீட்ல யாரு இருக்கா?”

அவள் விரல்களை மடக்கி முஷ்டியாக்கினாள். வந்தவள் ஒரு விரலைப் பிரித்து எடுத்தாள். ஒடித்தாள். அடுத்ததையும். அலறலைக் கேட்க யாரும் இல்லை. அக்காவின் மூச்சு மட்டும் தரையில் கொப்புளித்துக்கொண்டிருந்தது.

“இந்தப் பிள்ளையாவது எனக்கு...”

“எனக்கு மட்டும் என்ன.”

வந்தவள் ஒடிந்த விரலைப் பிடித்தே தட்டினாள். ஓர் எழுத்து. இன்னொன்று. திரையில் அவளுடைய பெயரே.

பொத்தான்.

வாடை நின்றது. பிளந்த சதை உதடுபோல மூடிக்கொண்டது. நீலக்கால் சிவந்தது, துடித்தது. மூட்டைக்குள்ளிருந்து பசியோடு ஓர் அழுகை. வந்தவள் அக்காவின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, குழந்தையைத் தட்டிக்கொடுத்து, மார்பில் போட்டுக்கொண்டாள். மடக் மடக்கென்று அது குடிக்கும் சத்தம். மின்விசிறியின் முனகல்.

அவள் உள்ளங்கையை வயிற்றில் வைத்தாள். ஓர் உதை. அவ்வளவுதான்.

பிறகு, கைக்கு அடியில், உள்ளேயிருந்து அந்தச் சத்தம். கெட்டித் துணி கிழிவதுபோல. அவசரமே இல்லாமல். இழை இழையாக.