முதலில் கிடைத்த கிஸ்ஸா

கிஸ்ஸா கணினியில் தன் பெயரைத் தட்டினான். கதவு திறக்கவில்லை. திரையில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது: "கிஸ்ஸா வெளியே போயாயிற்று."

அந்த வரியை அவன் எழுதவில்லை.

கம்பாலாவில் சனிக்கிழமை மதியம். பக்கத்துத் தகரக் கூரைகளில் மழை இரைந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளத்தின் வாடையும், யாரோ மேசையில் விட்டுப்போன சுட்ட வாழைப்பழத்தின் புளித்த வாசனையும் அந்த நான்காம் மாடி அறையில் போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தன. மகள் மிரெம்பேயைக் கீழே காவலர் ஒகெல்லோவிடம் விட்டுவிட்டு, அஞ்சே நிமிஷம் என்று ஏறி வந்தவன்.

அந்த அறைக் கதவின் மின்பூட்டைத் திறக்க அவனே எழுதிய நிரலுக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அங்கே வைக்கிற பெயர் கிஸ்ஸா. சட்டை முதல் இறைச்சித் துண்டு வரை எல்லாமே அண்ணன்கள் இருவருக்கும் பிறகுதான். கணினியிலாவது பெயர் முன்னால் நிற்கட்டுமே என்ற ஆசை.

ஒரு பெயரைத் தட்டினால் எந்தெந்தக் கோப்புறையில் தேடுவது என்று கணினியிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் கிடைப்பதுதான் ஓடும். தேடல் அங்கேயே நின்றுவிடும். நேற்று, நிரல் இருக்கும் இடத்தின் முழுப் பாதையைத் தட்டச் சோம்பல்பட்டு, அந்த வரிசையின் தலையில் ஒரு புள்ளி வைத்திருந்தான். 'நான் நிற்கும் இடத்திலேயே முதலில் பார்' என்று அதற்குப் பொருள். நிற்கும் இடத்தில் எவன் எதைப் போட்டிருப்பான் என்று தெரியாது, அதை மட்டும் செய்யாதே என்று புதிதாய்ச் சேர்பவர்களுக்கு வகுப்பெடுப்பவனும் அவன்தான்.

எந்தக் கிஸ்ஸா ஓடுகிறது என்று கணினியைக் கேட்டான். இரண்டு இருந்தன. முதலாவது, நிற்கும் இடத்தில். அழித்தான். வேறு கோப்புறைக்குப் போனான். அங்கும் இருந்தது. புள்ளியை எடுத்தான். திரும்ப வந்தது. தன்னுடையதை முழுப் பாதையோடு அழைத்தான்.

"அப்படி ஒருவர் இல்லை."

கைபேசியில் காவலரை அழைத்தான். "ஒகெல்லோ, மேல பூட்டு சிக்கிக்கிச்சு. பாப்பா என்ன பண்றா?"

"என்ன சார் வெளையாட்டு? இப்பதானே அவளக் கூட்டிட்டுப் போனீங்க."

"நான் மேல இருக்கேன்."

"வாசல் கேட்டுக்கிட்டயும் நிப்பீங்க, மேலயும் இருப்பீங்களா? உங்க வீட்டுல ரெட்டை உங்க அண்ணனுங்கதானே." ஒகெல்லோ சிரித்தார். "பாப்பாதான் கேட்டா, அப்பா கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்குன்னு."

அழைப்பு அறுந்தது. மறுபடி போகவில்லை.

சன்னலுக்கு ஓடினான். திறக்காத கண்ணாடி. கீழே வாசல் கேட். மழை. மஞ்சள் மேலங்கியில் மிரெம்பே. அவள் கையைப் பிடித்தபடி ஒருவன். இதே நீலச் சட்டை. தன் பிடரியைக் கிஸ்ஸா ஒருநாளும் பார்த்ததில்லை. இருந்தும் தெரிந்தது.

கண்ணாடியில் குத்தினான். நாற்காலியால் அடித்தான். உடையவில்லை.

மிரெம்பே நின்றாள். திரும்பினாள். பார்வை மேலே ஏறியது. முதல் மாடி. இரண்டு. மூன்று.

அது குனிந்தது. அவள் முகவாயைத் தொட்டுத் தன் பக்கம் மெல்லத் திருப்பியது.

அவள் சிரித்தாள். அப்பா கிடைத்துவிட்டார்.

அதற்கு மேல் அவள் தேடவில்லை.