மாப்பிள்ளையின் பூட்டு

கம்ப்ரஸரை நிறுத்தியாயிற்று. டேங்கில் இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டாயிற்று. மீட்டர் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் புதுக் கருவியின் திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று போகாமல் நின்றது.

பாய்லர் திரையைச் சட்டையில் துடைத்தான். நின்றது. கருவியை இரண்டு தட்டு தட்டினான். அப்போதும் நின்றது.

“வாங்கின மறுநாளே பல்லை இளிக்குது பாரு” என்று முணுமுணுத்தான்.

பாய்லர் என்பது தொழிற்சாலை அவனுக்கு வைத்த பெயர். ஆள் எலக்ட்ரீஷியன். கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு மூக்கு சிவக்கும், அதற்குப் பிறகு என்ன சிவக்கும் என்று நின்று பார்த்தவன் எவனும் இல்லை.

கருவி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். முன்பக்கம் முழுக்க ஊசித் துளைகளாகக் குட்டிக் குட்டி மைக்குகள், பின்பக்கம் திரை. மனிதக் காதுக்கு எட்டாத சத்தத்தையும் பிடித்து, அது எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தில் வண்ணப் புள்ளியாகக் காட்டும். காற்றுக் குழாயில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் தப்பாது. மேனேஜர் அதைப் பெற்றெடுத்த பிள்ளையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். “இனிமே குழாய்ல காதை வச்சுக் கேக்க வேணாம்யா பாய்லர். இதுவே கேட்டுச் சொல்லிடும்.” ஒரு ஆள் கூடப் போடுங்கள் என்றால் கையை விரிக்கிறவர், பெட்டி வாங்க மட்டும் பறப்பார். மனுஷன் சொல்வதை நம்பாதவனுக்குத்தான் இத்தனை பெட்டி வேண்டியிருக்கிறது.

வார விடுமுறை. மதியம். மெஷின்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. ஜன்னல் இல்லாத அந்த ஷெட்டில் வாசல் கம்பி ஷட்டர் வழியாக விழுந்த வெளிச்சம் பாதித் தூரம் வந்து களைத்துப் படுத்துவிட, அதற்கு அப்பால் எண்ணெய்ப் பிசுக்கும் சூடு ஆறிய ரப்பர் வாசனையும், எங்கோ தகரம் வெயிலில் நெளிகிற சத்தமும், இவை எல்லாவற்றுக்கும் அடியில், இருக்கவே கூடாத ஈரச் சிமெண்ட் வாசனை ஒன்றும் இருந்தன.

கருவியை நீட்டியபடி நடந்தான். புள்ளி புது மின்சாரப் பேனல் பெட்டியின் காலடியில், தரையில் இருந்தது. அங்கே குழாயே இல்லை.

வந்தது. தேய்ந்தது. மறுபடி வந்தது.

ஓட்டை அப்படிச் செய்யாது. ஓட்டை இடைவிடாமல் சீறும். மூச்சு வாங்காது.

அந்த இடத்தைக் கண்டதும் அவன் காது சிவந்தது. அந்தத் தரைக்கு அடியில்தான் கேபிள் போகும் பள்ளம் இருந்தது. போன மழைக்காலத்துக்கு முன்னால், புது மெஷினைப் பார்க்க வெளியாட்கள் வரவிருந்த நாளில், அவன் தங்கச்சி புருஷன் அங்கே கேபிள் இழுக்கிற வேலையில் இருந்தான். இவன்தான் அவனைச் சேர்த்துவிட்டிருந்தான். அன்றைக்குப் பிறகு மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை.

“எவளையோ கூட்டிட்டுப் போயிட்டான்யா. பின்பக்கமா போனதை நானே பாத்தேன்” என்றார் மேனேஜர். பாய்லர் நம்பினான். தங்கச்சி வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்க மாப்பிள்ளையைத் திட்டினான்.

“அவரை அப்படிச் சொல்லாதண்ணே. கழட்டின செருப்பைக்கூட நேரா வைக்கிற மனுஷன்.”

“அதை எவ வீட்டு வாசல்ல நேரா வச்சிருக்கானோ, போய்ப் பாரு!”

அவள் அதற்குப் பிறகு அண்ணனோடு பேசவில்லை.

இப்போது அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் ஒரு பூட்டு ஞாபகம் வந்தது. எலக்ட்ரீஷியன் ஒவ்வொருவனுக்கும் சொந்தப் பூட்டு உண்டு, பெயர் எழுதின அட்டையோடு. வேலைக்குள் இறங்குமுன் கரண்டை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வான். போட்டவன்தான் எடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் பூட்டு அறுபட்டுப் பழைய இரும்பு டிரம்மில் கிடந்ததை இவனே பார்த்தான். ஓடிப்போனவன் வரும்வரை மெஷின் சும்மா நிற்குமா, அதனால் அறுத்தோம் என்றார்கள். மறுநாளே, தண்ணீர் ஊறுகிறதென்று பள்ளத்தையும் கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

ஓடிப்போகிறவன் எதற்குப் பூட்டு போட்டுவிட்டுப் போகிறான்?

இத்தனை நாளாய் இந்தக் கேள்வி ஏன் வரவில்லை? கோபம். கோபம் எங்கே யோசிக்க விட்டது?

ஸ்பேனரால் தரையைத் தட்டினான். மூன்று தட்டு. புள்ளி அணைந்தது.

பிறகு திரையில் பளிச். பளிச். பளிச்.

காதில் ஒன்றுமே விழவில்லை.

“மாப்ளே?”

புள்ளி தரையை விட்டு எழுந்தது. பேனல் கதவின் மேல் முழங்கால் உயரத்துக்கு வந்தது. இடுப்பு உயரம். மாப்பிள்ளை நல்ல உயரம். அவன் வாய் இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது.

பாய்லர் திரும்பாமல் பின்னோக்கியே நடந்து ஷட்டர் வரை வந்து போனை எடுத்தான். மேனேஜர் ஆபீஸில்தான் இருந்தார்.

“சார், புது பேனல் பக்கம் ஒரு லீக். நீங்களே வந்து பாத்தாத்தான் தெரியும்.”

“பேனல் பக்கமா?” நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம். “தரையை எதுவும் நோண்டலயே?”

“இல்ல சார்.”

காது சிவக்கவில்லை. உடம்பெல்லாம் சில்லென்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக.

மேனேஜர் வந்தார். நேராக உள்ளே போனார், பேனல் வரை. பாய்லர் வாசலில் நின்றபடி கருவியைத் தூக்கிப் பிடித்தான்.

“எங்கய்யா லீக்கு?” பேசும்போது அவர் வாயில் மஞ்சள் புள்ளி மின்னியது. அவர் காதுக்குப் பின்னால் சிவப்பு.

“ஓடிப்போறவன் எதுக்கு சார் பூட்டு போட்டுட்டுப் போறான்?”

அவர் காதைச் சொறிந்தார், கொசு கடித்ததுபோல.

“பழசை எதுக்குய்யா கெளர்ற? அன்னிக்கு ஆளுங்க வந்து வாசல்ல நிக்கிறாங்க, மெஷின் ஓடணும். பூட்டை அறுக்கறதுக்கு முன்னாடி நான் குரல் குடுத்தேன்யா. உள்ள யாராவது இருக்கீங்களான்னு கேட்டேன். பதில் வரல.”

“இப்ப வருது சார்.”

ஷட்டரை இழுத்தான். தன் பூட்டை மாட்டினான். சாவி பைக்குள் போனது.

“டேய்! பாய்லர்! வெளையாடாத, தெற!”

திரையில் மஞ்சள் இங்கும் அங்கும் ஓடியது. சிவப்பு ஓடவில்லை. நடந்தது. மஞ்சள் தாழ்ந்தது. தரையோடு தரையாக வந்தது. “அய்யோ, வாயில மண்ணு” என்று மேனேஜரின் குரல். அப்புறம் இல்லை.

கம்பி வழியாகப் பார்த்தான். பேனல் நின்றது. அதன் எதிரே ஒரு ஜோடி ஷூ கிடந்தது. நேராக வைக்கப்பட்டிருந்தது. ஆள் இல்லை. தரையில் ஒரு கீறல்கூட இல்லை.

திரை இருண்டிருந்தது. பிறகு மஞ்சள் வந்தது. பேனலின் காலடியில். கான்கிரீட்டுக்கு அடியில். வந்தது. தேய்ந்தது. வந்தது.

தங்கச்சிக்குப் போன் போட்டான். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தாள்.

“தங்கச்சி, மாப்பிள்ளை ஓடலம்மா. உங்கிட்ட அதைச் சொல்லணும். அவரு ஓடல.”

அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “அண்ணே, போனை அவருகிட்ட குடு” என்றாள்.

“யாருகிட்ட?”

“உன் பக்கத்துல மூச்சு விடுறாரே. அவருகிட்ட.”

பாய்லர் கருவியைப் பார்த்தான். வலப்பக்கம் திருப்பினான். இடப்பக்கம் திருப்பினான். வெயிலில் காய்கிற வெற்று முற்றத்தைப் பார்த்துத் திருப்பினான். எந்தப் பக்கம் திருப்பினாலும் திரை முழுக்கச் சிவப்பு.