பின்னால இன்னும் ஒருத்தர்

இறங்கிக்கொண்டிருந்த நால்வரையும் கடக்கும்போது, "பின்னால இன்னும் ஒருத்தர்" என்று சொல்லிவிட்டுப் போனான் சைக்கிள்காரன். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் பொதுவான அந்த மலைப்பாதையில் அதுதான் வழக்கம். முன்னால் வருகிறவர் எண்ணிக்கை சொல்வார். கேட்டவர்கள் மலைப்பக்கம் ஒட்டி நின்று வழிவிடுவார்கள். அவளும் கணவரின் நண்பர்கள் மூவரும் ஒட்டி நின்றார்கள். ஒருத்தரும் வரவில்லை.

பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் மேலிருந்து இறங்கிய மூடுபனி, ஈர மண்ணின் வாடையையும் அழுகிய இலைகளின் வாடையையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டு, பத்தடிக்கு அப்பால் பாதையே இல்லாதபடி அழித்திருந்தது. அதற்குள் எங்கோ, மிதிக்காமல் உருளும் சக்கரத்தின் டிக் டிக் ஓசை நெருங்குவதும் தேய்வதுமாக இருந்தது.

"பஞ்சர் ஆகியிருக்கும். வாங்க அண்ணி, கீழ போய் சூடா டீ குடிப்போம்" என்றான் மூவரில் நெட்டையானவன்.

டீ. அவளுக்கு வாயெல்லாம் கசந்தது. போன வருடம் இதே மூவரும் அவள் கணவரோடு சைக்கிளில் இங்கே இறங்கினார்கள். வழியில் நடந்தவர்களிடம் பின்னால் இன்னும் ஒருத்தர் வருகிறார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அடிவாரக் கடையில் இரண்டு சுற்று டீ குடித்தார்கள். அந்த நேரமெல்லாம் அவர் ஒரு வளைவுக்குக் கீழே பாறையில் விழுந்து கிடந்தார். அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் மூவரில் ஒருவரான பல் டாக்டர். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"கொஞ்சம் நிக்கலாமே" என்றாள்.

"யாருக்காக அண்ணி?" வக்கீல் சிரிக்கப் பார்த்தார். "வர்றவருக்கு பிரேக் இருக்கு. நம்ம முட்டிக்குத்தான் ஒண்ணும் இல்ல."

"நீங்க போங்க. காத்து நிக்கிறது உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை."

மூவரும் கீழே நடந்தார்கள். முதலில் முதுகுகள் மறைந்தன. பிறகு வக்கீலின் செருமல். பிறகு காலடியில் கற்கள் நெரியும் சத்தம்.

இந்த ஒருத்தருக்காகவாவது யாராவது நிற்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குப் பட்டது.

டிக் டிக். மேலே. நெருக்கத்தில்.

பனிக்குள்ளிருந்து ஒரு முன்சக்கரம் வந்தது. கோணலாக. அதன்மேல் அவர். அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை, வலப்பக்கம் முழுக்க மண். முகம் தெரியவில்லை, எந்தக் கழுத்தும் திரும்ப முடியாத பக்கம் திரும்பியிருந்தது.

"என்னங்க..."

அவர் நிற்கவில்லை. முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னார்:

"பின்னால இன்னும் மூணு பேர்."

சக்கரம் கீழே இறங்கியது. ஓசை அடங்கியது.

மூணு பேர்.

அவள் கீழ்நோக்கிக் கூப்பிட்டாள். நெட்டையை. வக்கீலை. டாக்டரை. தொண்டை வறளும்வரை கூப்பிட்டாள். கீழே எதுவும் அசையவில்லை.

மேலே கற்கள் நெரிந்தன.

ஒரு செருமல்.

முதலில் நெட்டை. மேலிருந்து. ஒரு தோள் இடுப்புவரை தொங்கியது. அவளைப் பார்க்காமல் தாண்டிப் போனான். அடுத்து வக்கீல். வாய் நிறைய மண். செருமிக்கொண்டே போனார்.

டாக்டர் போகவில்லை.

அவள் பக்கத்தில் வந்தார். மலைப்பக்கம் முதுகை ஒட்டி நின்றார். அவர் தோள் அவள் தோளில் பட்டது. ஈரம். குளிர். மூச்சில்லை.

மேலே பனியைப் பார்த்தபடி, இன்னும் வரவேண்டிய ஒருத்தருக்காக வழிவிட்டு நின்றார்.