பதினொரு நிமிடத் துடிப்பு

ஞாயிறு, காலை 6:47.

ஆறாவது சுற்றின் வளைவில் சுஹந்தா விழுந்தார். தடுமாறவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தவர் அப்படியே முகம் குப்புறச் சரிந்தார். பக்கத்திலேயே சைக்கிளில் வந்துகொண்டிருந்த அவருடைய நண்பர் எங்கோஸ் சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு அவர்மேல் குனிந்தார்.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரின் தெற்கே, வீடுகளுக்கு நடுவே இருந்த கால்பந்துத் திடல் அது. ஆகஸ்ட் பதினேழு, சுதந்திர தினத்துக்காகச் சுற்றிலும் சிவப்பு வெள்ளைத் தாள்கொடிகள் கட்டியிருந்தார்கள். ஆட்கள் கூடியபோது விழுந்தவர் கையில் இருந்த வாட்ச் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது.

"கத்துது பாரு. அப்பவும் நிக்கலையே மனுஷன்," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

மதியத்துக்குள் பேட்டை முழுவதும் அந்த ஒரு வாக்கியம்தான்.

புதன், காலை 9:20.

இன்ஸ்பெக்டர் யுயுனின் மேசையில் 'இயற்கை மரணம்' என்று எழுதிய தாள் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. எதிரே சுஹந்தாவின் மனைவி இமாஸ் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது, 'இபு' என்று மரியாதையாக அழைத்த குரல் நிதானமாக இருந்தது.

"போன வருஷம் அவருக்கு அட்டாக் வந்துச்சு இபு. துடிப்பு நூத்திப் பதினஞ்சத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குத்தான் இந்த வாட்சும் நெஞ்சுல கட்டுற பட்டையும் வாங்குனது. பட்டை துடிப்பை எண்ணும், வாட்ச் காட்டும், தாண்டுனா கத்தும். 'கத்துனா அடுத்த அடி வைக்க மாட்டேன்'னு என் கையைப் பிடிச்சு வாக்குக் குடுத்தாரு. இப்ப ஊரே சொல்லுது, கத்துச்சாம், நிக்கலையாம்."

"அதுல போலீஸ் என்ன செய்யணும்?"

"அவரு வாக்க மீறுனாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திட்டேன். பொய் சொல்லிட்டுப் போயிட்டாருன்னா என்னால அவருக்காக உக்காந்து ஓதக்கூட முடியல."

வாட்சை மேசைமேல் வைத்தார். அதில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தின் கோடு இருந்தது.

"இன்னொண்ணு. விழுந்ததுமே உயிர் போயிருச்சுன்னு சொன்னாங்க. இதப் பாருங்க. ஆறு நாப்பத்தேழுக்கு அப்புறமும் துடிச்சிருக்கு. ஆறு அம்பத்தெட்டு வரைக்கும். பதினோரு நிமிஷம் என் புருஷன் போராடியிருக்காரு. யாரோ சும்மா விட்டிருக்காங்க."

தினமும் சாயங்காலம் அந்தக் கோட்டைத் தடவிப் பார்ப்பதாகச் சொன்னார். கடைசித் துடிப்பாம்.

யுயுன் கோட்டைப் பார்த்தாள். ஓடிய நேரம் முழுக்க 98, 101, 104. ஒருமுறைகூட 115-ஐத் தொடவில்லை. 6:47-க்குச் செங்குத்தாக ஏறி 148. 6:58-க்கு எண் போய், வெறும் கோடுகள்.

"வாட்சை அவரைத் தவிர வேற யாராவது தொடுவாங்களா?"

"யாரு தொடுவா? விடியத் தொழுகைக்குக் கை கால் கழுவறப்ப மட்டும் கழட்டி, அண்ணன் மாதிரி இருக்குற காங் எங்கோஸ்கிட்ட குடுப்பாரு. தண்ணி பட்டா கெட்டுப்போகும்னு பயம். கெடாதுன்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு. பாவம், காங் எங்கோஸ்தான் ஏழு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து சைக்கிள்ல வந்து எனக்குச் சேதி சொன்னவரு. ஓதுற கூட்டத்துல தினமும் முன்னாடி வந்து உக்காருறாரு."

யுயுன் தாளில் கையெழுத்துப் போடவில்லை.

11:05.

"நெஞ்ச அமுக்குனா அந்த மாதிரி எண் வரும்," என்றார் அரசு மருத்துவர் போனில். "கூட்டத்துல ஒரு பொண்ணு அமுக்கியிருக்கு. இதுல வேற என்ன வேணும் உங்களுக்கு? மூடிடுங்க இபு."

அமுக்கிய பெண்ணை யுயுன் தேடிப் பிடித்தாள். ஷானியா, மருத்துவம் மூன்றாம் ஆண்டு. அன்று திடலில் ஓடிக்கொண்டிருந்தவள்.

"எத்தனை மணிக்குப் போனே?"

"ஆறு நாப்பத்தொம்பது. கழுத்துல துடிப்பு இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா. சட்டையத் தூக்குனேன், பட்டை தடுத்துச்சு. உருவிப் புல்லுல எறிஞ்சுட்டு அமுக்க ஆரம்பிச்சேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தல." அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "வந்துடுவாருன்னுதான் நினைச்சேன்."

"எறிஞ்சது எப்போ?"

"அம்பதுக்குள்ள."

அப்படியானால் 6:50 முதல் பட்டை புல்லில் கிடந்தது. வாட்ச் மட்டும் 6:58 வரை ஒரு நெஞ்சை எண்ணியிருக்கிறது.

12:10.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஒப்படைத்திருந்த பட்டையை யுயுன் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் குளியலறைக்குப் போனாள். நெஞ்சில் படும் ரப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கட்டிக்கொண்டாள். சுஹந்தாவின் வாட்சை இயக்கினாள்.

வெறும் கோடுகள்.

தன் போனோடு பட்டையை இணைத்தாள். 82 என்று உடனே வந்தது. பட்டையில் பழுதில்லை. வாட்சுக்குத்தான் இந்தப் பட்டையைத் தெரியவில்லை. அது வேறு ஏதோ ஒரு பட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

யுயுன் சற்று நேரம் குழாயை மூடாமல் நின்றாள்.

மாலை 3:30.

திடல் மூலையில் கஞ்சி விற்கும் மாங் உச்சு கோழியைப் பிய்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு அவரு முகத்த நீங்க பாத்திருக்கணும் இபு. அஞ்சாவது சுத்துல என் வண்டியத் தாண்டறப்ப கையத் தூக்கிக் காட்டுறாரு. 'நூத்தி நாலு, மாங்! வெறும் நூத்தி நாலு! எனக்கு ரெண்டு முட்டை எடுத்து வை!' சின்னப் புள்ள மாதிரி. முந்தியெல்லாம் ரெண்டு சுத்துல வாட்ச் கத்திரும். நின்னு தலையக் குனிஞ்சுக்குவாரு. 'சுஹந்தாவுக்குச் சோறு வெந்துருச்சு'ன்னு பசங்க கிண்டல் பண்ணுவானுங்க, குக்கர் சத்தம் மாதிரி இருக்குமில்ல."

"விழுறதுக்கு முன்னாடி கத்துச்சா?"

மாங் உச்சு பிய்ப்பதை நிறுத்தினார். "முன்னாடியா? நான் விழுந்த சத்தம் கேட்டு, தண்ணிச் சொம்பத் தூக்கிட்டு ஓடுனேன். பாதி வழியிலதான் கத்த ஆரம்பிச்சுது."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலையே. நம்ம பெரியவரு பாக் எங்கோஸே சொன்னாரு, 'முதல்லயே கத்துச்சு, கேக்கல'ன்னு. அவருதான் கூடவே சைக்கிள்ல போறவரு. கை நீட்டுனா தொடுற தூரம். என்னைவிட அவருக்குத் தெரியாதா?"

"அவரு ஓட மாட்டாரா?"

"முட்டி போயி நாலு வருஷமாச்சு. மெதுவா மிதிச்சுக்கிட்டு நேரம் சொல்லுவாரு, அம்புட்டுதான்."

4:40.

விளையாட்டுச் சாமான் கடையில் வூலான் என்ற விற்பனைப் பெண்ணுக்கு சுஹந்தாவை நன்றாக நினைவிருந்தது.

"மணிக்கட்டுல ஒளி விட்டுப் பாக்குற வாட்ச்தான் முதல்ல கேட்டாரு. சட்டைக் கைய மடிக்கவே மாட்டேன்னாரு. அப்புறம் மடிச்சாரு. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் சுட்ட தழும்பு. எண்பத்து மூணுல பச்சை குத்துனவங்கள ரவுடின்னு சொல்லி ராத்திரியில தூக்கிட்டுப் போயிச் சுட்டுப் போட்டப்ப, இஸ்திரிப் பெட்டிய வெச்சு அவரே தேச்சு அழிச்சாராம். தழும்புக்குள்ள ஒளி போகல. ஒரு தடவை நாப்பதுன்னு காட்டுது, ஒரு தடவை நூத்தித் தொண்ணூறு. அதனாலதான் நெஞ்சுப் பட்டை எடுத்துக் குடுத்தேன். 'இது பொய் சொல்லாது பாக்'னு நான்தான் சொன்னேன்."

"கூட யாரு வந்தாங்க?"

"நொண்டி நடக்குற ஒரு பெரியவர். கேலி பண்ணிக்கிட்டே இருந்தாரு. 'எனக்கு என் முட்டியே மானி'ன்னு." வூலான் நிறுத்தினாள். "போன மாசம் தனியா வந்து அதே பட்டை ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. வாட்ச் வேண்டாம்னுட்டாரு. பழைய வாட்சுல புதுப் பட்டைய எப்படிச் சேக்கறதுன்னு மட்டும் கேட்டாரு. ஒரு நிமிஷ வேலைதான். சொல்லிக் குடுத்தேன்."

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கே," என்றாள் யுயுன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

வியாழன், காலை 6:30.

எங்கோஸ் திடலில் இருந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொடிக்கயிற்றின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார். வயது அறுபத்து மூன்று. பேட்டையின் வட்டத் தலைவர்.

"உங்க பட்டை எங்க பாக்?" என்றாள் யுயுன்.

"என்ன பட்டை?"

"சுஹந்தா செத்தப்ப உங்க நெஞ்சுல இருந்தது."

எங்கோஸ் முடிச்சை விடவில்லை.

"அவரு கால் கழுவறப்ப வாட்ச் உங்க கையில. அதுல உங்க பட்டையச் சேத்துட்டீங்க. அதுக்கப்புறம் அவரு ஓடுனாரு, வாட்ச் உங்க நெஞ்ச எண்ணுச்சு. சைக்கிள்ல ஊர்ந்து போற நெஞ்சு. தொண்ணூத்தெட்டு, நூத்தி நாலு. அவரு நெஞ்சு எத்தனைக்குப் போச்சுன்னு யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது."

"சாட்சி இருக்கா?"

"நீங்களே சாட்சி. ஆறு நாப்பத்தேழு. நண்பன் விழுந்தாரு, நீங்க பதறுனீங்க. நூத்தி நாப்பத்தெட்டு. அப்பத்தான் வாட்ச் கத்துச்சு. கத்துறத எல்லாரும் கேட்டாங்க, எப்போ கத்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. அம்பதுக்கு அவரு பட்டை புல்லுல கிடக்குது, வாட்ச் இன்னும் எண்ணுது. ஆறு அம்பத்தெட்டுக்கு நின்னுச்சு. அம்பத்தெட்டுக்கு நீங்க எங்க போனீங்க?"

எங்கோஸ் முடிச்சைப் பார்த்துக்கொண்டே, இமாஸை அக்கா முறை வைத்துச் சொன்னார்: "தே இமாஸ்கிட்ட சொல்றதுக்கு."

"சைக்கிள் தூரம் போனதும் வாட்சுக்கு உங்க நெஞ்சு கேக்காமப் போச்சு."

எங்கோஸ் புல்லில் உட்கார்ந்தார். மடக்க முடியாத முட்டியை நீட்டிக்கொண்டார்.

"பதினேழாந் தேதி நடக்குற தொடர் ஓட்டத்துக்கு அறுபது தாண்டுன நாலு பேர் வேணும் இபு. மூணு வருஷமா ஏழாம் வட்டத்துக்காரன் கோப்பையத் தூக்கிட்டுப் போறான். எனக்கு மூணு பேர்தான் இருந்தாங்க. அவன் இளமையில பஸ்ஸ விரட்டி ஏறுனவன், ஓட்டம் அவன் உடம்புலயே உண்டு. டாக்டருங்க சும்மா பயமுறுத்துறாங்கன்னு நினைச்சேன். பதினேழாந் தேதி வரைக்கும் மட்டும்னு நினைச்சேன். அப்புறம் மாத்திடலாம்னு." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "அந்தச் சத்தம் வந்ததும் அவன் தலையக் குனிவான் பாருங்க. அத என்னால பாக்க முடியல. சோறு வெந்துருச்சுன்னு முதல்ல சொன்னது நான்தான். சும்மா விளையாட்டுக்கு. பசங்க பிடிச்சுக்கிட்டானுங்க."

"கோப்பை எவ்வளவு பெருசு?"

அவர் கையால் ஒரு சாண் காட்டினார். பிளாஸ்டிக், மேலே தங்கப்பூச்சு.

"முதல்லயே கத்துச்சுன்னு சொன்னீங்களே பாக். அது எதுக்கு?"

எங்கோஸ் நீட்டிய முட்டியைத் தேய்த்தார்.

"அஜாக்கிரதையால மரணம்னு எழுதுவேன். கோர்ட்டு உங்க வயசப் பாத்துக் குறைச்சுப் போடும். அந்தப் பொம்பளைக்குப் பக்கத்துல நாலு நாளா உக்காந்து, செத்தவன் மேல பழியப் போட்டுட்டு ஓதுனீங்களே, அதுக்கு என்கிட்ட சட்டம் இல்ல. வாங்க. நீங்களே சொல்லுங்க."

7:15.

இமாஸ் வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஓத வந்தவர்கள் மாற்றிப் போட்டுப்போன செருப்புகள் அவை.

யுயுன் சுற்றி வளைக்கவில்லை. "அவரு வாக்க மீறல இபு. விழுற வரைக்கும் வாட்ச் கத்தவே இல்ல. கத்தியிருந்தா நின்னிருப்பாரு."

இமாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் ஒரு கணம் இளகியது. "எனக்குத் தெரியும்," என்றார். "அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. எனக்குத் தெரியும்." அழுதுகொண்டே சிரித்தார். "உள்ள வாங்க காங் எங்கோஸ், ஏன் வெளியில நிக்கறீங்க? கேட்டீங்களா? நின்னிருப்பாராம்!"

எங்கோஸ் படியைத் தாண்டவில்லை.

இமாஸ் யுயுனின் கையிலிருந்த வாட்சை வாங்கி, கோட்டை விரலால் தேடினார். "அப்போ இது? இந்தப் பதினோரு நிமிஷம்?"

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யுயுன் வழியெல்லாம் யோசித்திருந்தாள். வழக்குத் தாளில் எழுதினால் போதும். இந்த வீட்டுக்குத் தெரிய வேண்டாம். இப்போதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"தே இமாஸ், அது அவனோடது இல்ல. என்னோடது."

பிறகு எங்கோஸ் எல்லாவற்றையும் சொன்னார். பட்டை, கோப்பை, முதலில் கத்தியது என்று சொன்ன பொய். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இமாஸ் வாட்சைப் பார்த்தார். நான்கு நாட்களாகத் தடவிய கோடு. படியிறங்கிப் போய் எங்கோஸின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்தார்.

"உங்க நெஞ்சுதானே. நீங்களே வெச்சுக்கோங்க."

எங்கோஸ் விரல்களை மடக்கவில்லை. வாட்ச் நழுவி, செருப்புகளுக்கு நடுவே விழுந்தது. அது வழக்குச் சான்று. குனிந்து எடுக்க வேண்டியவள் யுயுன்தான். அவள் உடனே குனியவில்லை.