இழை பிரியும் சூடு

2079 மே 17, வேலூர். பகல் பதினொரு மணிக்கு வெப்பம் 46.2 டிகிரி.

கவியரசன் வழக்கம்போல் குளிர்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கோடையில் பத்திலிருந்து ஐந்து வரை சங்கிலிக்காரர்கள் வெளியே நடமாடக் கூடாது. சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர் அவர். முறிந்த இடத்தில் நுண்காந்தத் துகள்களை டி.என்.ஏ இழைகளால் மணிச் சங்கிலிபோலக் கோத்துச் செலுத்தியிருந்தார்கள்; அப்படிச் செலுத்திக்கொண்டவர்களுக்குத்தான் சங்கிலிக்காரர்கள் என்று பெயர். இடுப்பில் கட்டிய காந்தப்பட்டை துகள்களை அசைக்கும், அந்த அசைவில் நரம்பு விழிக்கும், கால் நடக்கும். உடம்புச் சூடு நாற்பதைத் தொட்டால் இழைகள் பிரிந்துவிடும். பிறகு மறுகோப்பு கிடையாது. இரண்டாம் முறை செலுத்தினால் உடம்பே அவற்றை அழித்துவிடும். அவருக்கு இடுப்புக்குக் கீழே வியர்ப்பதும் இல்லை, அதனால் சூடு சீக்கிரம் ஏறும்.

மனைவி யாழினி போன் செய்தாள். காலை ஏழு மணிக்கு வரவேண்டிய நிலஅளவையர் இப்போதுதான் வந்திருக்கிறாராம். ஏரிக்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு அவர்களைப்போல முகாமில் கிடந்தவர்களுக்கு அரசு ஒதுக்கிய மனை. மனைக்காரரே நான்கு எல்லைக் கல்லிலும் நின்று விரல் வைத்தால்தான் பதிவாகும். கவியரசன் ஆட்டோ பிடித்தார். சாலையோடு ஆட்டோ நின்றுவிட்டது. மீதி அரை கிலோமீட்டர் ஜல்லிமேட்டில் நடை.

"மேடம், நாளைக்குக் காலைல வெச்சுக்கலாமா?"

"நாளைக்கு நான் குடியாத்தம் சார். வண்டி ரிப்பேர், என்ன பண்றது? இதை விட்டா அடுத்த சுத்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். அப்ப உங்க பேரு லிஸ்ட்ல இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது." சொன்ன நிலஅளவையர் ரெஜினாவின் முகமும் வெயிலில் கறுத்துக் களைத்திருந்தது. தன் குடையை அவரிடம் நீட்டினார்.

யாழினி அவர் தலையில் ஈரத்துண்டைப் போட்டாள். "முகாம்லயே இருந்துடலாங்க. கால் இருக்கட்டும்."

"ஒன்பது வருஷமா தட்டிக்குப் பின்னால நின்னு துணி மாத்துறே. போதும்டி."

ஒவ்வொரு கல்லிலும் கருவி செயற்கைக்கோளைப் பிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. முதல் கல்லில் பட்டை உடம்புச் சூடு 39.1 என்று காட்டியது. இரண்டாவதில் 39.6, பட்டை விடாமல் கத்தத் தொடங்கியது. யாழினி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது கல்லில் விரல் வைத்துவிட்டு நாலு எட்டு எடுத்தார். வலி எதுவும் இல்லை. கால்கள் மட்டும் மடிந்தன.

பெண்கள் இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு போய் நான்காவது கல்லருகே கிடத்தி, விரலை வைத்தார்கள்.

"நின்னதாவே போட்டுக்கறேன் சார்," என்றார் ரெஜினா.

ஆஸ்பத்திரியில் சூட்டை இறக்கினார்கள்; உயிருக்கு ஆபத்தில்லை. காந்தப்பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

பதினெட்டாம் நாள் பட்டா வந்தது. வீட்டு வரைபடத்தில் வாசற்படியை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலி ஏறச் சரிவுத்தளம் போட்டுத் தரும்படி யாழினி எழுதிக் கொடுத்தாள்.