அப்பா குரல்ல வந்த போன்

மேஜை, நாற்காலி செய்யற பட்டறை அது. அங்க ஒரு சட்டம் உண்டு. ஆபத்துன்னு தோணினா யாரு வேணா "நிறுத்து!"ன்னு கத்தலாம். அத்தனை ரம்பமும் நின்னுடணும். கத்தினவங்களை யாரும் திட்டக் கூடாது.

முதலாளியோட பொண்ணை எல்லாரும் வாலுன்னுதான் கூப்பிடுவாங்க. லீவு நாள்ல ஆபீஸ் ரூம்ல அத்தை பக்கத்துல உட்கார்ந்து படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அத்தைதான் பார்ப்பாங்க.

போன் அடிச்சுது.

"நான்தாம்மா. மரம் பார்க்க வெளிய வந்திருக்கேன். ஒரு மெயில் வந்திருக்கும், அதைத் திறந்து பாஸ்வேர்ட் போடு. அவசரம்."

வாலுவோட அப்பா குரலேதான். அத்தை உடனே போட்டுட்டாங்க.

கொஞ்ச நேரம்தான். "அத்தை, இங்க பாருங்க! ஃபைல் பேரெல்லாம் கிறுக்கல் கிறுக்கலா மாறுது!"

அத்தை முகம் வெளிறிப்போச்சு. எல்லா மேஜையோட வரைபடமும் அதுலதான் இருக்கு. அடுத்த தெரு பட்டறையில இப்படித்தான் ஆச்சு. அந்தக் கதவு இன்னும் பூட்டியே கிடக்கு.

அத்தை படக்குன்னு திரையை அணைச்சாங்க. "அண்ணன்கிட்ட சொல்லிடாதடா செல்லம். அவர் வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிடறேன்."

அப்பதான் வேலை நடக்கற கூடத்துல இருந்து ஒரு சத்தம். "டேய், அந்தப் பலகையைத் திருப்புடா!"

வாலு நிமிர்ந்தா. "அத்தை... அப்பா உள்ளதான் இருக்காரு."

"அப்போ போன்ல பேசினது?"

யாரோ அப்பா குரல் மாதிரியே பேசி ஏமாத்தியிருக்காங்க!

கூடத்துல இருக்கற பெரிய அறுக்கற மெஷினும் இதே நெட் இணைப்புலதான் ஓடுது. வாலு சுவத்துல இருந்த கேபிளைப் பிடுங்கினா. நேரா கூடத்துக்கு ஓடினா.

"நிறுத்து!"

எல்லாம் நின்னுச்சு. அப்பா பதறிப்போய் வந்தாரு. "யாருக்கு அடி? கையைக் காட்டு!"

"கையில இல்லப்பா, கம்ப்யூட்டர்ல. திருடன் உள்ள வந்துட்டான். இங்க இருக்கற வயரையும் எடுங்க!"

எடுத்தாங்க. அப்புறம்தான் விஷயம் முழுசும் தெரிஞ்சுது. அப்பா அத்தையைப் பார்த்தாரு. வாயைத் திறந்தாரு.

"கத்தினவங்களைத் திட்டக் கூடாது"ன்னா வாலு.

"கத்தினது நீ. அவ இல்லையே."

"அத்தைக்குப் பயத்துல தொண்டை அடைச்சுக்கிச்சுப்பா. அவங்களுக்கும் சேர்த்துத்தான் நான் கத்தினேன்."

அப்பா ஒரு ஸ்டூலை இழுத்து அத்தை பக்கத்துல போட்டு உட்கார்ந்தாரு.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தாரு. "கொஞ்சம் வரைபடம் போயிடுச்சு, அது திரும்பாது. மத்ததெல்லாம் தப்பிச்சுது. உடனே சொன்னதால பிழைச்சீங்க. மறைச்சிருந்தா பட்டறையையே பூட்டியிருக்கணும்."

அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. மறுபடியும் போன் அடிச்சுது. ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"நான்தாம்மா. என்னாச்சு, திடீர்னு நெட் கட் ஆயிடுச்சே?"

தன்னோட குரலைத் தானே கேட்டு அப்பா அசையாம நின்னாரு.

அத்தை வாலுவோட கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. குரல் நடுங்கவே இல்ல.

"அண்ணன் இங்க பக்கத்துலதான் நிக்கிறாரு. பேசறீங்களா?"

டொக்குன்னு போன் கட் ஆச்சு.